ஆடிக்குள் வந்துவிடுவேன்

அன்புள்ள ஐயாவுக்கு,

இரண்டாம் உலகப் போரில் என் தாத்தா இம்பாலில் இருந்தார். அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் அவர் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. ஒன்றிலும் சண்டை இல்லை. 1944 மே மாதக் கடிதத்தில்கூட, ‘லீவு கேட்டிருக்கிறேன், ஆடிக்குள் வந்துவிடுவேன்’ என்றுதான் இருக்கிறது. ஏமாற்றமாக இருக்கிறது. இதை வைத்து நாவல் எழுத முடியுமா? போர்க் காட்சிகளுக்கு எதைப் படிக்கலாம்? அவருடைய பதக்கங்களைப் பற்றி எங்கே விசாரிப்பது?

புதுவயல் வாசகர்

அன்புள்ள தம்பி,

ஏமாற்றம் என்ற சொல்லைப் படித்ததும் கோபம் வந்தது. மணிப்பூரின் இம்பாலை வெளியோடு இணைத்த இம்பால்-கோஹிமா சாலை 1944 மார்ச் 29 அன்று ஜப்பானியப் படையால் துண்டிக்கப்பட்டது. மீண்டும் திறந்தது ஜூன் 22. நடுவே உணவும் குண்டும் கடிதப் பைகளும் விமானத்தில்தான் வந்தன. தரைவழியே வெளியேற முடியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் ‘ஆடிக்குள் வந்துவிடுவேன்’ என்று மனைவிக்கு எழுதுகிறார். இதில் சண்டை இல்லை என்கிறீர்களா? எங்கே இருக்கிறோம், என்ன நடக்கிறது என்று எழுதத் தணிக்கை விடாது. லீவைப் பற்றி எழுதலாம். அச்சம், பசி, ஊர் நினைப்பு எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் அவரால் வைக்க முடிந்தது.

லீவு கிடைத்தாலும் வழியை யோசியுங்கள். திமாப்பூர் வரை லாரி, பிறகு ரயில், பாலமில்லாத பிரம்மபுத்திராவைப் படகில் தாண்டி, கல்கத்தா, சென்னை, காரைக்குடி. லீவில் பாதி வண்டியிலேயே கரைந்துவிடும்.

செட்டிநாட்டுக்குக் காத்திருப்பு புதிதல்ல. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன செட்டியார்களுக்கு மூன்று வருடக் கணக்கு உண்டு. ஆச்சிமார் மாதங்களை எண்ணலாம். அதைப் பற்றிப் பேச நம்மிடம் ஆட்கள் நிறைய. அதே ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களின் வீட்டில் எண்ணுவதற்குக் கணக்கே கிடையாது. அதைப் பேசத்தான் ஒருவரும் இல்லை. எத்தனையோ மேடைகளில் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன்.

1971 போரின்போது தேவகோட்டையில் எங்கள் தெருவில் ஒரு அப்பத்தா இருந்தார். மகன் கிழக்கு எல்லையில். அவருக்கு எழுதத் தெரியாது, இன்லாண்டு லெட்டரில் நான்தான் எழுதிக் கொடுப்பேன். முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது, 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய எண்ணோடு சரி. டிசம்பர் 16 அன்று டாக்கா சரணடைந்தது. பள்ளிக்கூடத்துப் பையனுக்கே உரிய உற்சாகத்தில் வெற்றியைப் பற்றி நான் நான்கு வரி எழுதினேன். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டவர், “அதெல்லாம் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்கு லீவு கேட்டானா என்று எழுது” என்றார்.

பதக்கத்துக்கு, அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அதன் மையத்துக்கு எழுதிக் கேளுங்கள். நாவல் உங்கள் பாடு. ஆனால் எங்கிருந்தோ படித்த துப்பாக்கிச் சத்தத்தைக் கொண்டுவந்து இந்தக் கடிதங்களுக்குள் திணிக்காதீர்கள். முதலில் தேதிவாரியாக அடுக்குங்கள். அந்தந்த வாரம் இம்பாலில் என்ன நடந்தது என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். லீவுப் பேச்சு எந்தக் கடிதத்தில் கூடுகிறது, எதில் நின்றுபோகிறது என்று பாருங்கள்.

இத்தனை எழுதிய நீங்கள், ஆடியில் அவர் வந்தாரா என்று எழுதவில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.