துரித உணவுச் செலவு: விலை கூடியதா, வாங்குவது கூடியதா?

கேள்வி: நானும் என் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் துரித உணவுதான். சில ஆண்டுகளுக்கு முன் இதற்கு ஆன செலவு இப்போது ஒன்றரை மடங்காகிவிட்டது. ஆனால் உணவின் அளவு குறைந்துவிட்டது. நால்வருக்குப் போதுமானதாக இருந்தது இப்போது போதவில்லை. தள்ளுபடி உள்ள நாட்களில் மட்டுமே வாங்கியும் மிச்சம் எதையும் காணோம். ஆண்டுச் சந்தா கட்டினால் டெலிவரி இலவசம் என்று செயலியில் வருகிறது. கட்டலாமா?

பதில்: சந்தாவைப் பற்றிக் கடைசியில் முடிவு செய்யலாம். செலவு ஒன்றரை மடங்கானது எதனால் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். விலை 25 விழுக்காடு கூடி, நீங்கள் வாங்கும் தடவைகளும் 20 விழுக்காடு கூடியிருந்தாலே செலவு சரியாக ஒன்றரை மடங்காகிவிடும். மாதம் 10 முறை வாங்கிக்கொண்டிருந்த வீட்டில் அது 12 முறையானதை யாரும் கவனிப்பதில்லை. விலை கூடியது மட்டும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. உங்கள் வங்கிக் கணக்கிலும் செயலியிலும் பழைய விவரங்கள் இருக்கும். அன்று மாதத்திற்கு எத்தனை முறை வாங்கினீர்கள், இன்று எத்தனை முறை வாங்குகிறீர்கள் என்பதை அவற்றிலிருந்து எண்ணிப் பாருங்கள்.

விலை உயர்ந்ததில் உங்கள் தவறு ஏதும் இல்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உணவு விலைக் குறியீடு 2022 மார்ச்சில் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. சமையல் எண்ணெயும் தானியமும் அதற்கு முக்கியக் காரணம். பின்னர் அந்தக் குறியீடு இறங்கியபோதும் உணவகங்களின் விலைப்பட்டியல் இறங்கவில்லை, ஏனெனில் தட்டில் இருக்கும் பொருளின் விலை ஒரு உணவகத்தின் செலவில் ஒரு பகுதி மட்டுமே; கூலியும் வாடகையும் ஒருமுறை ஏறினால் எளிதில் இறங்குபவை அல்ல. இதோடு, பெரிய நிறுவனங்களின் கடைகளில் பெரும்பாலானவை உரிமம் பெற்ற தனி முதலாளிகளால் நடத்தப்படுகின்றன (மெக்டொனால்ட்ஸில் உலக அளவில் ஏறத்தாழ 95 விழுக்காடு அப்படித்தான்). தாய் நிறுவனத்திற்குச் செலுத்தும் உரிமத் தொகை பொதுவாக விற்பனையின் மேல் கணக்கிடப்படுகிறது, லாபத்தின் மேல் அல்ல. ஆகவே விலையைக் குறைத்து நிறைய விற்பதில் தாய் நிறுவனத்திற்கு இருக்கும் ஆர்வம் கடைக்காரருக்கு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

அளவு குறைந்தது பற்றிய உங்கள் ஐயத்தைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். விலை 20 விழுக்காடு கூடி, அளவு 10 விழுக்காடு குறைந்தால், ஒரு கிராமுக்கு நீங்கள் கொடுப்பது 33 விழுக்காடு கூடிவிடுகிறது. பில்லில் தெரிவது 20 மட்டுமே. போதாத குறைக்கு இன்னொரு பொருளைச் சேர்த்து வாங்கும்போது அந்த மீதி விலையையும் வேறு பெயரில் கட்டிவிடுகிறீர்கள்.

தள்ளுபடியில் மிச்சம் தெரியாததற்குக் காரணம் உண்டு. கடையில் 100 என்று விற்கும் பொருள் செயலியில் 115 என்று போடப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 விழுக்காடு தள்ளுபடி போக அது 92 ஆகிறது. டெலிவரி, பேக்கிங், செயலிக் கட்டணம் என்று 15 சேர்ந்தால் 107. பெரிய எழுத்தில் தள்ளுபடி பெற்றவர், நேரில் சென்று வாங்கியவரைவிட 7 கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். வீட்டு வாசலில் வந்து சேர்வதற்கு அந்த 7 நியாயமான விலையாகவே இருக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைச் சேமிப்பு என்று எழுதி வைப்பதுதான் பிழை. குறைந்தபட்சத் தொகையை எட்டினால்தான் தள்ளுபடி என்ற நிபந்தனை இருந்தால், அதை எட்டுவதற்காகச் சேர்த்த பொருளையும் செலவுப் பக்கத்திலேயே வையுங்கள். காலாவதியாகும் வெகுமதிப் புள்ளிகளும் இப்படித்தான்: புள்ளி வீணாகிவிடும் என்று வாங்கப்படும் உணவு, புள்ளியே இல்லாவிட்டால் பெரும்பாலும் வாங்கப்பட்டிருக்காது. எனவே ஒப்பிட வேண்டியது விலைப்பட்டியலை அல்ல. கடைசியாகக் கையைவிட்டுப் போன தொகையை எத்தனை பேர் வயிறு நிறைந்தார்கள் என்பதால் வகுத்து வரும் எண்ணை.

உங்கள் குடும்பத்திற்குத் தொகையில் வரம்பு வைப்பதைவிடத் தடவையில் வரம்பு வைப்பதே பொருந்தும் என்பது என் கருத்து. தொகைக்கு வரம்பு வைத்தால் மலிவான ஆஃபரைத் தேடிக் கூடுதல் முறை வாங்கத் தோன்றும். வாங்கும் இரவுகளையும் இரண்டாகப் பிரியுங்கள்: சமைக்க நேரமில்லாமல் வாங்குவது, பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக வாங்குவது. இரண்டாவது வகையில் கை வைக்க வேண்டாம். அன்று அனைவரும் கடைக்கே சென்று சாப்பிட்டால் டெலிவரியும் பேக்கிங்கும் மிச்சமாகும். முதல் வகைதான் குறைக்கத் தக்கது, ஏனெனில் அங்கே நீங்கள் வாங்குவது ருசியை அல்ல, அரை மணி நேரத்தை. விடுமுறை நாளில் முன்கூட்டியே சமைத்து வைக்கும் ஒரு வேளை உணவு அதே அரை மணி நேரத்தைத் தந்துவிடும். இந்தச் செலவைப் பிறகு செலுத்தும் வசதியிலோ, முழுவதும் கட்டி முடிக்காத கிரெடிட் கார்டிலோ மட்டும் ஏற்றாதீர்கள்; வட்டி சேர்ந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண்.

இனி சந்தா. ஆண்டுக் கட்டணத்தை ஒரு தடவைக்கு உண்மையில் மிச்சமாகும் டெலிவரிக் கட்டணத்தால் வகுத்தால், எத்தனை முறை வாங்கினால் போட்ட பணம் திரும்பும் என்பது தெரியும். அந்த எண்ணிக்கை, மேலே சொன்ன வரம்பின்படி நீங்கள் எப்படியும் வாங்கவிருக்கும் தடவைகளுக்குள் வந்தால் மட்டுமே சந்தாவுக்குப் பொருளுண்டு. சந்தா டெலிவரிக் கட்டணத்தை நீக்கினாலும் செயலியில் ஏற்றிப் போடப்பட்ட விலையை நீக்குவதில்லை. தூரத்திற்கும் தொகைக்கும் நிபந்தனைகள் இருக்கின்றனவா என்பதையும் படித்துப் பாருங்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்பதே என் பதில். இரண்டு மாதக் கணக்கைப் பார்த்த பிறகும் தேவை என்று தோன்றினால், ஆண்டுத் திட்டத்தை விட்டு மாதத் திட்டத்தை எடுத்து, பணம் கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள்.