சின்னக் கைக்கு ஏர் பிஸ்டல்: முதலில் கிரிப், அப்புறம் டிரிக்கர்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. கிளப்பில் கொடுத்த 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பழகுகிறாள். வலது கைப் பழக்கம். விரல் நுனி மட்டும்தான் டிரிக்கருக்கு எட்டுகிறது. பெல்லட்டுகள் பெரும்பாலும் இடது பக்கமே போகின்றன. டிரிக்கரைப் பின்னால் தள்ளி, அதை அழுத்தத் தேவையான எடையையும் குறைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: டிரிக்கரைப் பின்னால் நகர்த்தலாம். ஆனால் அது கடைசி வேலை. எடையைக் குறைக்கும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். போட்டி விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் டிரிக்கர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். குழலை மேல்நோக்கி நிறுத்தி, டிரிக்கரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். கிளப் பிஸ்டல் பெரும்பாலும் அந்த அளவுக்கு வெகு அருகில்தான் வைக்கப்பட்டிருக்கும்.

நுனி விரலால் அழுத்தும்போது விசை நேர் பின்னால் போகாமல் பக்கவாட்டில் தள்ளும். வலது கைக்காரருக்கு அது இடது பக்கம். நீங்கள் சொல்லும் அறிகுறி அதற்குப் பொருந்துகிறது. ஆனால் விரல் எட்டாததற்குக் காரணம் பல நேரம் டிரிக்கர் அல்ல, கிரிப் என்கிற கைப்பிடிதான். கிரிப் பெரிதாக இருந்தால் குழந்தை டிரிக்கரை எட்டுவதற்காகக் கையையே சுற்றிப் பிடிக்கும். அப்போது குழல் முன்னங்கைக்கு நேராக நிற்காது. இந்த நிலையில் டிரிக்கரை மட்டும் நகர்த்தினால், தப்பான பிடி அப்படியே பழக்கமாகிவிடும்.

இதை ரேஞ்சில், கோச் பக்கத்தில் இருக்கும்போது சோதியுங்கள். பிஸ்டலில் பெல்லட் இல்லை என்று பார்த்து, குழல் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகி, குழலை இலக்குப் பக்கமே வைத்திருங்கள். மகள் இடது கையால் பிஸ்டலை எடுத்து, வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட வளைவில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே பதிக்கட்டும். நடுவிரல், டிரிக்கரைச் சுற்றியுள்ள வளையமான டிரிக்கர் கார்டின் அடியைத் தொட வேண்டும். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, சற்று நின்று, கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். குழல் முனையில் இருக்கும் ஃப்ரன்ட் சைட், பின்னால் இருக்கும் ரியர் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தெரிந்தால் பிடி சரி. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் குறை கிரிப்பில்தான் இருக்கிறது.

அப்படியானால் சின்ன கிரிப் வாங்குங்கள். ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற பிஸ்டல்களின் மர கிரிப் பல அளவுகளில் கிடைக்கிறது. ஸ்மால், சிலவற்றுக்கு எக்ஸ்ட்ரா ஸ்மால்கூட உண்டு. கிளப்பின் கிரிப்பில் அரத்தை வைக்க வேண்டாம், அது மற்றப் பிள்ளைகளுக்கும் வேண்டும். சொந்த கிரிப்பிலும் அவசரம் கூடாது. கட்டைவிரலின் அடிப்பகுதி படுகிற பின்பக்கத்தில் கொஞ்சம் மரத்தைத் தேய்த்தாலே கை முன்னால் நகரும், விரலும் கூடுதலாக எட்டும். உப்புத்தாளால் துளித் துளியாகத் தேய்த்து, பிடித்துப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். வளரும் பிள்ளை என்பதால் வெட்டுவதைவிடச் சின்ன கிரிப் வாங்கி, இடைவெளி இருக்கும் இடத்தில் மரத்துக்கான எபாக்சி பட்டி (இறுகிவிடும் பசை) வைத்து நிரப்புவது எனக்குப் பிடித்த வழி. கை வளர்ந்ததும் அதைத் தேய்த்து எடுத்துவிடலாம். நிரப்பும்போது விதியை மறக்காதீர்கள்: மணிக்கட்டை எதுவும் தாங்கக் கூடாது, பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். பட்டி வைத்து கிரிப்பை அகலமாக்கினால் அந்த 50 மில்லிமீட்டர்தான் முதலில் இடிக்கும்.

கிரிப் சரியான பிறகு டிரிக்கருக்கு வாருங்கள். போட்டி ஏர் பிஸ்டல்களில் விரல் படுகிற டிரிக்கர் பிளேடு ஒரு சின்னத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். ஆலன் கீயால் திருகைத் தளர்த்தி நகர்த்தலாம், பல மாடல்களில் பக்கவாட்டிலும் திருப்பலாம். விரலின் முதல் கணுவுக்கும் நுனிக்கும் நடுவில் உள்ள சதைப்பகுதி பிளேடில் படிய வேண்டும். விரலின் பக்கம் கிரிப்பில் உரசவே கூடாது, நடுவில் வெளிச்சம் தெரியட்டும். இதை டிரிக்கரைத் தொட்டவுடன் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த டிரிக்கர் இரண்டு கட்டமாக இயங்கும். முதல் கட்டத்தை இழுத்து, இரண்டாம் கட்டம் தட்டுப்படுகிற இடத்தில் விரல் எப்படி நிற்கிறது என்பதே கணக்கு. பிஞ்சு விரலுக்கு 500 கிராம் பாரமாகத் தெரிந்தால், அதில் பெரும்பங்கை முதல் கட்டத்துக்கு மாற்றித் தரும்படி கோச்சிடம் கேளுங்கள். மொத்த எடை மாறாது, கடைசி அழுத்தம் இலகுவாகும். சுடும் பொறியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியான சியரின் திருகு உள்ளே இருக்கும், அதை நீங்கள் தொடக் கூடாது. அதைத் தப்பாகத் திருப்பினால் பிஸ்டல் தானாகச் சுட்டுவிடக்கூடும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான். மாற்றிய பிறகு பிஸ்டலை டிரை ஃபயர் நிலையில் (பெல்லட் இல்லாமல் டிரிக்கரை மட்டும் இயக்கும் நிலை) வைத்து, இலக்குத் தாளைத் திருப்பி மாட்டி, அந்த வெள்ளைப் பரப்பைப் பார்த்துப் பழகட்டும். டிரிக்கர் விடுபடும் நொடியில் ஃப்ரன்ட் சைட் இடது பக்கம் துள்ளுகிறதா என்று அவளே பார்த்துச் சொல்வாள். துள்ளாவிட்டால் பெல்லட் போட்டுச் சுடலாம். கிளப் பிஸ்டல் பலர் கைக்குப் போவதால், பிளேடு நின்ற இடத்தைத் தண்டவாளத்தின் கோட்டை வைத்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் மறுபடி தேட வேண்டியிருக்காது.