கேத்தியில் வீடு: பட்டா இருந்தால் போதுமா?

கேள்வி: நான் திருப்பூரில் கணக்காளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவியுடன் ஊட்டிப் பக்கம் குடியேற எண்ணி, கேத்தி பேரூராட்சியில் எல்லநள்ளியை ஒட்டி ஆறு சென்ட் இடத்துடன் ஒரு வீட்டைப் பேசியிருக்கிறோம். தேயிலைத் தோட்டத்தைப் பிரித்து விற்ற மனைகளில் அதுவும் ஒன்று. வீடு கட்டி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சொத்து அண்ணன், தம்பி இருவர் பெயரில் உள்ளது. அண்ணன் துபாயில் இருப்பதால், அவர் எழுதிக் கொடுத்த அதிகார ஆவணத்தை (பவர் பத்திரம்) வைத்துத் தம்பி விற்கிறார். பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் உள்ளன. கட்டட அனுமதியைக் கேட்டால், "இந்தப் பக்கம் யாரும் வாங்குவதில்லை" என்கிறார். வீட்டின் பின்னால் மண்ணை நெட்டுக்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். வீட்டுக்குச் செல்லும் படிகள் பக்கத்துத் தோட்டத்தின் ஊடாக இறங்குகின்றன. ஒப்பந்தம் எழுதி மூன்று லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். அதைப் பதிவு செய்யவில்லை. அடுத்த மாதம் கிரயம். என்ன பார்க்க வேண்டும்?

பதில்: ஐயா, முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கீழே சொல்லும் காகிதங்கள் கைக்கு வரும்வரை இன்னும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சமவெளியில் பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். மலையில் அப்படியில்லை. நிலம் உங்களுடையது என்பது ஒரு கேள்வி. அந்தச் சரிவில் ஒரு வீடு நிற்கச் சட்டம் அனுமதித்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. உங்கள் கடிதத்தில் முதல் கேள்விக்குப் பாதி விடைதான் உள்ளது. இரண்டாவதற்கு விடையே இல்லை.

கிரயம் பதிவாகுமா என்பதிலிருந்து தொடங்குவோம். பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவுப்படி, அங்கீகாரம் பெறாத மனையை வீட்டுமனையாகப் பதிவு செய்யச் சார்பதிவாளருக்கு அதிகாரம் இல்லை. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே அதே மனை வீட்டுமனையாகத் தனியே பதிவாகியிருந்தால் மறுவிற்பனைக்கு வழி உண்டு. ஆகவே உங்கள் ஆறு சென்ட் முதன்முதலில் எந்தத் தேதியில், எந்தப் பத்திரத்தில் தோட்டத்திலிருந்து பிரிந்தது என்று பாருங்கள். அந்தத் தேதிக்குப் பின் பிரிந்ததென்றால், மனைப்பிரிவுக்கு அனுமதி ஆணை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். முப்பது ஆண்டு வில்லங்கமும் மூலப்பத்திரங்களும் வாங்கிப் படித்தால்தான் இது தெரியும்.

அடுத்தது கட்டட அனுமதி. நீலகிரி மாவட்டம் முழுவதும் மலையிடப் பாதுகாப்புக்கென வரையறுக்கப்பட்ட பகுதி. இங்கே வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை, தேவைப்பட்டால் வனத்துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகள் கேட்கப்படுவது வழக்கம். கட்டடத்தின் உயரத்துக்கும் கடுமையான வரம்பு உண்டு. மேலே ஒரு தளம் எழுப்பி வாடகைக்கு விடலாம் என்று விற்பவர் ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். வீட்டு வரி ரசீது வரி கட்டியதற்குச் சான்று, மின் இணைப்பு மின்சாரம் வருவதற்குச் சான்று. இரண்டும் அனுமதி ஆகிவிடாது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின் கீழ் நோட்டீஸ் வரும்போது அது அன்றைய உரிமையாளருக்குத்தான் வரும். கட்டியவர் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார். "யாரும் வாங்குவதில்லை" என்ற பேச்சை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

இனி அந்த வெட்டப்பட்ட மண். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண்சரிவுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கேத்திப் பள்ளத்தாக்குப் பகுதியும் அப்போது அடிபட்டது. மேல் நிலம் இயற்கையான நிலையில் இருந்தால், கீழ் நிலம் அதற்குத் தாங்கலாக நிற்க வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் (ஈஸ்மென்ட்) சட்டத்தின் 7-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு. இங்கே கீழ் நிலம் நீங்கள் வாங்கப்போவது. அதை வெட்டி மேல் நிலத்தின் தாங்கலை எடுத்திருக்கிறார்கள். நாளை மேலே உள்ள தேயிலை சரிந்தால், உங்கள் வீட்டின் மேல் விழுவதோடு முடியாது. அந்தத் தோட்டக்காரர் நஷ்டஈடு கேட்டால் உங்களையும் எதிர்வாதியாகச் சேர்ப்பார். இன்னொரு பக்கமும் உண்டு. இந்த இயற்கை உரிமை நிலத்துக்கு மட்டும்தான். அதன் மேல் எழுப்பிய கட்டடத்தின் பாரத்தையும் பக்கத்து நிலம் தாங்க வேண்டும் என்று கேட்க, இருபது ஆண்டு இடையறாத அனுபவம் வேண்டும். நான்கு ஆண்டு வீட்டுக்கு அது கிடையாது. உங்களுக்குக் கீழே இருப்பவர் நாளை மண்ணெடுத்தால் உங்கள் வாதம் பலவீனமாகத்தான் இருக்கும்.

மழைநீரும் அப்படித்தான். மேல் நிலத்தில் விழும் நீர் இயல்பாக வழிந்து வந்தால் கீழே இருப்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். குழாய் வைத்தோ கால்வாய் வெட்டியோ உங்கள் பக்கம் திருப்பிவிட்டால் தடுக்க உரிமை உண்டு. நில அளவைத் துறையின் புலப்பட நகலை வாங்கி, மனையின் ஓரத்தில் ஓடை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் புல் மூடிக் கிடப்பது ஐப்பசியில் வெள்ளமாகும். ஓடைப் புறம்போக்கில் வீட்டின் ஒரு மூலை நின்றாலும் அதை எந்தப் பட்டாவும் காப்பாற்றாது. கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துத் தடுப்புச்சுவர் பற்றி எழுத்தில் கருத்து வாங்குங்கள். பொக்லைன் கொண்டு மண்ணெடுக்க இங்கே அதிகாரிகளின் முன் அனுமதி வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆகவே "வாங்கிய பிறகு சரிசெய்துகொள்ளலாம்" என்ற எண்ணம் வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் இப்போதே கேளுங்கள்.

படிகளுக்கு வருகிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் இன்று மரியாதைக்காக விடுகிறார் என்றால் அது உரிமை ஆகாது. அவர் மகன் வேலி போடலாம். இரு நிலங்களும் முன்பு ஒரே உரிமையாளரிடம் இருந்து, பிரித்தபோது வேறு வழியே இல்லாமல் போயிருந்தால் அதே வசதியுரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு கைகொடுக்கும். ஆனாலும் வழக்காடி வழி பெறுவதைவிட, அவரிடமிருந்து அகலம், நீளம் குறித்த வழியுரிமைப் பத்திரம் ஒன்றைக் கிரயத்துக்கு முன்பே பதிவு செய்து வாங்குவதுதான் உத்தமம்.

அண்ணனின் அதிகார ஆவணம் வெளிநாட்டில் எழுதப்பட்டதானால், இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட்டதா என்று பாருங்கள். விற்கும் அதிகாரம் வெளிப்படையாக அதில் இருக்க வேண்டும். கிரய நாளில் அவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கான சான்றும் வேண்டும். முடிந்தால் அவரிடமே காணொலி அழைப்பில் பேசிவிடுங்கள். அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் இருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும்.

கொடுத்த முன்பணம் போய்விடவில்லை. தமிழ்நாட்டில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஆனால் பதிவாகாத ஒப்பந்தத்தையும், அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தவறு உங்கள் பக்கம் இல்லாதவரை, சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு நீங்கள் கொடுத்த தொகைக்கு அந்தச் சொத்தின் மீதே பொறுப்பு ஏற்றுகிறது; அதாவது அந்தச் சொத்திலிருந்தே தொகையை வசூலிக்கக் கேட்கலாம். தெரிந்த குறையை மறைக்காமல் சொல்வதும் விற்பவரின் கடமை. வழக்கு என்று வந்தால், பணத்தைத் திருப்பித் தரும் கோரிக்கையையும் வழக்கு மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள். அது விட்டுப்போனால் நீதிமன்றம் தானாகத் தராது. இனிக் கொடுப்பதெல்லாம் வங்கி வழியாக இருக்கட்டும். சொத்துக்கான முன்பணத்தை இருபதாயிரம் ரூபாய் அளவிலோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது.

இந்த வாரமே இரு சகோதரர்களுக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்: மனைப்பிரிவு ஆணை, கட்டட அனுமதி, வழியுரிமை ஆகியவற்றின் நகல்களை முப்பது நாளில் தர வேண்டும், தரும்வரை கிரயத் தேதி தள்ளிவைக்கப்படுகிறது, மற்றபடி வாங்க ஆயத்தமாக இருக்கிறோம் என்று. கடைசி வரி முக்கியம். பின்வாங்கியது நீங்கள் என்று அவர்கள் சொல்ல இடம் தராது. இடையில் மலைவாசம் வேண்டுமென்றால் அதே பகுதியில் வாடகைக்கு இருங்கள். 2017 வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள்; ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாதவரை முன்வைப்புத் தொகை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறக்கும்வரை அங்கே இருந்து, அந்த வெட்டிய மண் என்ன செய்கிறது என்று பார்த்த பிறகு பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.