பாலிஹவுஸ் வெள்ளரியில் அடிக்காத மருந்து வந்தது எப்படி?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் 25 சென்ட் பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய குடில்) வெள்ளரி போட்டிருக்கிறேன். வெள்ளை ஈக்குத் தயாமீதாக்சாம் அடித்து, லேபிளில் கண்ட 5 நாள் கழித்துத்தான் பறித்தேன். திருச்சூரில் சரக்கு எடுப்பவர் சோதித்துப் பார்த்துவிட்டு, தயாமீதாக்சாமோடு குளோதியானிடினும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மருந்தை நான் வாங்கியதே இல்லை. தப்பு எங்கே?

பதில்: ரிப்போர்ட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. தயாமீதாக்சாம் செடிக்குள் சிதையும்போது அதில் ஒரு பகுதி குளோதியானிடினாக மாறும். அசிபேட் அடித்தவருக்கு மெத்தமிடோபாஸ், கார்போசல்பான் போட்டவருக்குக் கார்போபியூரான் என்று வருவதும் இப்படித்தான். 'நான் அடிக்கவே இல்லை' என்று வியாபாரியிடம் வாதாடிப் பயனில்லை.

அந்த 5 நாள் எந்தப் பயிருக்கு என்று லேபிளைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளரியின் பெயர் அதில் இல்லையென்றால் அந்தக் கணக்கு உங்களுக்கு உரியதல்ல. தவிர, இத்தகைய நாள் கணக்கு பெரும்பாலும் வெட்டவெளிப் பயிரில் பார்த்துச் சொன்னது. வெளியே மழை கழுவும், காற்று ஆவியைக் கொண்டுபோகும், வெயிலின் புற ஊதாக் கதிர் மருந்தை உடைக்கும். ஷீட்டுக்குள் மழை கிடையாது, காற்றும் குறைவு, புற ஊதாக் கதிரில் கணிசமான பகுதியை ஷீட்டே தடுத்துவிடுகிறது.

இதன் விளைவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடித்த அன்று காயில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் மருந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2 நாளுக்கொருமுறை அது பாதியானால், 0.01 மில்லிகிராமுக்கு இறங்க 13, 14 நாள் ஆகும். பாதியாக 4 நாள் பிடித்தால் 27 நாள். ஒரு பயிரில் ஒரு மருந்துக்கென்று தனி வரம்பு குறிக்கப்படாதபோது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) வைத்திருக்கும் பொது வரம்புதான் இந்த 0.01.

அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்றால் 25 சென்டுக்கு 50 லிட்டர். கயிற்றில் ஏறி ஆளுயரம் தாண்டிய கொடியை நனைக்க 100 லிட்டர்கூடப் பிடிக்கும். 'லிட்டருக்கு இத்தனை கிராம்' என்று கலக்கிறவர் தன்னை அறியாமலே இரண்டு மடங்கு மருந்தை இறக்கிவிடுகிறார். மருந்தைப் பரப்புக்கு அளந்துகொண்டு தண்ணீரை மட்டும் கூட்டுங்கள்.

வெள்ளரிப் பிஞ்சு வேகமாகப் பெருக்கும். எடை இரட்டித்தால் காயின் மேல் பட்ட மருந்தின் செறிவு தானே பாதியாகும். அதனால் மேலோடு நிற்கும் மருந்தென்றால், அடிப்பதற்கு முன் பறிக்கும் பருவக் காயையும் அடுத்த இரண்டு மூன்று நாளில் தேறும் காயையும் அறுத்துவிடலாம். ஆனால் தயாமீதாக்சாம் போல ஊடுருவும் மருந்து வேரிலிருந்தும் இலையிலிருந்தும் புதுப் பிஞ்சுக்கும் போகும், கழுவினாலும் போகாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கும் பயிரில் 14 நாள் காத்திருப்பது நடக்கிற காரியமல்ல. என் கருத்தில், ஊடுருவும் மருந்தை நாற்றுப் பருவத்தோடு நிறுத்திவிட வேண்டும். பூ வந்த பிறகு மஞ்சள் ஒட்டும் அட்டை, வேப்பெண்ணெய், வெள்ளை ஈயைக் கொல்லும் லெக்கானிசிலியம் போதும். லெக்கானிசிலியத்தை ஈரப்பதம் கூடும் மாலையில் அடியுங்கள். அது பூஞ்சை என்பதால் பூஞ்சைக்கொல்லியோடு கலந்தால் செத்துவிடும். இரட்டைக் கதவும் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலையும் இருக்கிறதா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலையை எங்காவது கிழித்து வைத்திருக்கும். முதலில் அதைத் தையுங்கள்.

மறுபடி சோதிக்க, குடிலின் நான்கு மூலையிலும் நடுவிலுமாகக் குறைந்தது 10 காய், 1 கிலோவுக்குக் குறையாமல், கழுவாமல் எடுங்கள். வெள்ளாயணி வேளாண் கல்லூரியிலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் இதற்கான ஆய்வகம் உண்டு. அடித்த மருந்து, தேதி, அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள்.