ஹொனலுலுவில் முதல் போக்கே: புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

ஆய்வகத்து நண்பர்கள் வெள்ளிக்கிழமை மதியம் கப்பஹுலு சாலையில் போக்கே, அதாவது துண்டு போட்டுப் பிசைந்த பச்சை மீன், சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், பச்சை மீன் நம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா, கடையில் என்ன சொல்லி வாங்குவது, மாசமாக இருக்கும் மனைவியையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

நீங்கள் தாராளமாகப் போங்கள். மனைவியைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், அதைக் கவனமாகப் படியுங்கள்.

பச்சை மீன் என்றதும் தயக்கம் வருவது இயல்புதான். ஆனால் இந்தத் தீவுகளில் இது நேற்று வந்த பழக்கம் இல்லை. ஹவாய் மக்கள் மீனைத் துண்டு போட்டு, கடல் உப்பு, லிமு என்கிற கடற்பாசி, வறுத்து நசுக்கிய குக்குயி என்கிற மரத்தின் கொட்டை சேர்த்துப் பிசைந்து தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். சோயா சாஸும் எள்ளெண்ணெயும் பின்னால் வந்தவை. கரும்புத் தோட்ட வேலைக்கு ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த கூலிக் குடும்பங்கள் கொண்டுவந்த சுவை அது. கூலிக்குக் கடல் தாண்டிப் போன கதை நமக்கும் உண்டு என்பதால், அந்தக் கிண்ணத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

லிமுவையும் ஒதுக்கி வைக்காதீர்கள். இங்கே ஓகோ என்று விற்கிற பாசி, மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் இறங்கிப் பறிக்கிற கஞ்சிப்பாசியின் இனம்தான். மெல்லும்போது நறுக்கென்று இருக்கும், கடல் வாசம் அடிக்கும்.

இப்போது கடைக்கு வருவோம். 2015ஐ ஒட்டி அமெரிக்கப் பெருநிலத்தில் போக்கே கடைகள் பரவியபோது, வரிசையில் நின்று மாம்பழம், சோளம், வெள்ளரி என்று நாமே தேர்ந்து கட்டுகிற கிண்ணமாக அது மாறிவிட்டது. கலிபோர்னியா நண்பர்கள் சொல்லி நீங்கள் கேள்விப்பட்டது அதுவாக இருக்கும். இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக, கடைக்காரர் கைப்பக்குவத்தில் பிசைந்த மீன் இருக்கும், இல்லையென்றால் நீங்கள் சொன்னதும் பிசைந்து தருவார்கள். நீங்கள் எது வேண்டும் என்று காட்டினால் போதும். சோறோடு வேண்டுமென்றால் கிண்ணம் என்று சொல்லுங்கள், மீன் மட்டும் என்றால் பவுண்டு கணக்கு. ஒருவருக்கு அரை பவுண்டே நிறைய, அதாவது கிட்டத்தட்ட 225 கிராம்.

முதல் முறை ஷோயு அஹி வாங்குங்கள். ஷோயு என்றால் சோயா சாஸ், அஹி என்றால் சூரை மீன். சோயா சாஸ், எள்ளெண்ணெய், வெங்காயம், சூரை மீன், அவ்வளவுதான். அடுத்த முறை லிமு போட்ட ஹவாய் முறைக்குப் போகலாம். நம்மவர்கள் காரம் என்ற பெயரைப் பார்த்து நேராக ஸ்பைசி அஹிக்குப் போவார்கள். அது நம் காரம் இல்லை, மயோனைஸில் கொஞ்சம் மிளகாய் சாஸும் மீன் முட்டையும் கலந்தது. மயோனைஸ் மீனின் சுவையை மூடிவிடும், அதனால் முதல் நாளே அது வேண்டாம் என்பேன். சோறு சூடாகவும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டும் இருக்கும், மீன் குளிர்ந்து இருக்கும். சாம்பார் சாதம் மாதிரி மொத்தத்தையும் பிசைந்துவிடாதீர்கள். ஒரு வாய்க்கு ஒரு துண்டு மீனும் கொஞ்சம் சோறும் சேர்த்து எடுங்கள், அந்தச் சூடும் குளிரும்தான் ருசி.

பச்சையாக இறங்கவே இறங்காது என்றால் டாக்கோ கேளுங்கள், அது வேக வைத்த ஆக்டோபஸ். பல கடைகளில் டோஃபு என்கிற சோயாக் கட்டியில் செய்த போக்கேயும் கிடைக்கும். யாரும் உங்களை வற்புறுத்த மாட்டார்கள். கூட உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம், புது ஊரில் உங்களுக்கும் அதுதான் முக்கியம்.

வயிற்றுப் பயத்துக்கு வருகிறேன். ஹொனலுலுவில் 38ஆம் துறைமேடையில் மீன் ஏலம் நடக்கிறது. 1952இல் தொடங்கிய ஏலம் அது. நீள்கயிற்றுத் தூண்டில் படகுகள் ஐஸில் வைத்துக் கொண்டுவரும் முழுச் சூரைகளை அதிகாலையில் வரிசையாகக் கிடத்தி, வால் பக்கம் சதையை வெட்டிப் பார்த்து விலை பேசுவார்கள். நல்ல கடைகளுக்கு மீன் அங்கிருந்துதான் போகிறது. பச்சையாகப் பரிமாறும் மீனைப் புழு சாக −20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைய வைக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு விதி இருக்கிறது. மஞ்சள் துடுப்பு, பெருங்கண் போன்ற சூரைகளுக்கு விலக்கு உண்டு, அவற்றில் அந்த ஆபத்து குறைவு. முன்பு உறைய வைத்தது என்று சீட்டு ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், விலையும் குறைவாக இருக்கும். ஆனால் பளிச்சென்ற சிவப்பை மட்டும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏற்றினால் பழைய மீனும் சிவப்பாகவே நிற்கும். மூக்கை நம்புங்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியது குளிர்ச்சியைத்தான். சூரை மீன் வெளியில் சூடேறிக் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்கிற ரசாயனம் உண்டாகும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடித்துப் போகும். மிச்சத்தை மறுநாள் எண்ணெயில் வறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது. ஆகவே வாங்கியதும் சாப்பிடுங்கள். கடற்கரைக்கு எடுத்துப் போவதென்றால் ஐஸ் பெட்டி கட்டாயம்.

மனைவி விஷயம். இந்தச் சில மாதங்கள் அவருக்குப் பச்சை மீன் வேண்டவே வேண்டாம். பாதரசமும் ஒரு காரணம். இங்கே அஹி என்று இரண்டு சூரைகளைச் சொல்கிறார்கள், மஞ்சள் துடுப்பு ஒன்று, பெருங்கண் இன்னொன்று. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய மீன் பட்டியலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பெருங்கண் சூரையை வைத்திருக்கிறது. கிண்ணத்தில் எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் சமைத்த அஹியும் இப்போதைக்கு விடுங்கள். மீன் இல்லாமல் அவரால் இருக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். நன்றாக வேக வைத்த மஹி மஹி என்கிற மீன் வாரம் ஒரு முறை சாப்பிடலாம், சுடச்சுடப் பூண்டு இறாலும் பல இடங்களில் கிடைக்கும். எதற்கும் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவு கொஞ்சம் கூடத்தான். நல்ல அஹி பவுண்டுக்கு 20 டாலரைத் தாண்டும், பில்லில் 4.712 சதவீத வரி சேரும். பணம் கட்டும் திரையில் டிப்ஸ் கேட்கும். நீங்களே போய் வாங்கி வருகிற கடையில் அது உங்கள் விருப்பம். புத்தாண்டு நெருங்கினால் அஹி விலை இன்னும் ஏறும், இங்கே வீட்டுக்கு வீடு அப்போது பச்சைச் சூரை வாங்குவார்கள்.

பேர் பெற்ற சின்னக் கடைகளில் மேசை ஒன்றிரண்டுதான் இருக்கும், மதியம் தாண்டினால் நல்லது தீர்ந்துவிடும், காரை நிறுத்தவும் இடம் கிடைக்காது. பன்னிரண்டு மணிக்கு முன்னால் கிளம்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கு முன்பே தனியாக ருசி பார்க்க வேண்டுமென்றால் ஃபுட்லேண்ட் என்கிற பல்பொருள் அங்காடியின் போக்கே பகுதிக்குப் போங்கள். கேட்டால் ஒரு துண்டு ருசிக்கத் தருவார்கள், பிடித்தால் கால் பவுண்டு வாங்கிக்கொள்ளலாம்.