காந்தமும் மூளையும்: பயோமெடிக்கல் எடுப்பதா, இ.சி.இ. எடுப்பதா?

அம்மா, உங்கள் மகள் காந்தத்தால் மூளையைப் படமெடுக்கும், சிகிச்சை தரும் கருவிகளில் வேலை செய்ய ஆசைப்படுகிறாள். பிளஸ் டூவில் பயாலஜி எடுக்கவில்லையே, இனி வழியில்லையோ என்பது உங்கள் கவலை. அந்தக் கவலை வேண்டாம். பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இடமும் அந்தக் கணக்கில்தான் கிடைக்கிறது.

இந்தத் துறையைக் கட்டியெழுப்பியதில் இயற்பியலுக்கும் மின்னணுவியலுக்கும் பெரிய பங்கு உண்டு. தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளை நரம்பணுக்களைத் தூண்டும் டி.எம்.எஸ். முறையை 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்து காட்டிய அந்தோணி பார்க்கர் மருத்துவ இயற்பியல் துறையைச் சேர்ந்தவர். அந்தக் கருவியின் உள்ளே மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஒரு கெபாசிட்டர் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஆகிறது. தைரிஸ்டர் என்னும் மின்னணு ஸ்விட்ச்சைப் போட்டதும் தலைமேல் வைத்த செம்புச் சுருள் வழியே சில ஆயிரம் ஆம்பியர் பாய்ந்து, ஒரு மில்லி செகண்டுக்குள் அடங்கிவிடுகிறது. காந்தப்புலம் ஏறக்குறைய 2 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு). நரம்பணுவைத் தூண்டுவது அந்தப் புலத்தின் வலிமை மட்டும் இல்லை, அது மாறும் வேகம். மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான். அதே மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றினால் மூளையில் ஒன்றும் நடக்காது.

மனச்சோர்வுக்கான சிகிச்சையாக இதற்கு அமெரிக்காவில் 2008இல் அனுமதி கிடைத்தது. அப்போது ஒரு அமர்வுக்கு 37 நிமிடத்துக்கு மேல் பிடித்தது. துடிப்புகளை மும்மூன்றாகக் கொத்துக் கட்டி அனுப்பும் முறையை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டிருந்தார்கள். அதில் 600 துடிப்புகள் மூன்றே நிமிடத்தில் முடிகின்றன. மாறியது துடிப்பின் ஒழுங்குதான். நிரல் எழுதவும் சிக்னல் பிராசஸிங்கும் தெரிந்தவர்களுக்கு இங்கே இடம் இருப்பது இதனால்தான். சுருள் சூடாவது, ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் குறியிடம் தவறுவது, அரிதாக வலிப்பு வருவது, தலைக்குள் உலோகக் கிளிப் உள்ளவர்களுக்கு ஆபத்து என்று தீர்க்க வேண்டிய சிக்கல்களும் நிறைய.

படமெடுக்கும் பக்கம் இதற்கு நேர் எதிர். எம்.இ.ஜி. என்னும் கருவி மூளையிலிருந்து வரும் காந்தப்புலத்தை அளக்கிறது. அதை நூறு ஃபெம்டோ டெஸ்லா (ஒரு ஃபெம்டோ என்பது கோடியில் ஒரு பங்கின் பத்துக் கோடியில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால், நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் அதைப் போல 40 கோடி மடங்கு. பக்கத்து லிஃப்ட் நகர்ந்தாலே பதிவு கெட்டுவிடும் என்பதால் கவச அறை கட்டாயம். ஸ்குவிட் எனப்படும் பழைய மீக்கடத்திச் சென்சார்கள் திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் இருக்க வேண்டும். அதனால் அவை உச்சந்தலையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளியே நிற்கும். குழந்தையின் சிறிய தலைக்கு இடைவெளி இன்னும் கூடி, சிக்னல் மெலிந்துவிடும். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும் யூனிவர்சிட்டி காலேஜும் சேர்ந்து 2018இல் காட்டிய தலைக்கவசத்தில் ருபிடியம் ஆவிச் சென்சார்கள் தலையை ஒட்டியே இருந்தன, அணிந்தவர் தலையை அசைக்கவும் முடிந்தது. ஸ்குவிட் வேலை நமக்கு மிக அருகில், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலேயே நடக்கிறது.

இப்போது படிப்புக்கு வருவோம். என் கருத்தில், கருவியை உருவாக்கும் ஆசை இருந்தால் நல்ல கல்லூரியில் இ.சி.இ. (மின்னணுவியல், தகவல் தொடர்பு) அல்லது இ.இ.இ. (மின்னியல், மின்னணுவியல்) முதல் தேர்வு. பயோமெடிக்கல் என்றால் கிண்டி போல ஆய்வகம் வலுவாக உள்ள இடத்தில் மட்டும் எடுங்கள். மற்ற இடங்களில் படித்தவர்களில் பலர் மருத்துவமனைக் கருவிப் பராமரிப்புக்கும் விற்பனைக்கும் போகிறார்கள். அது மதிப்பான வேலைதான், ஆனால் உங்கள் மகள் கேட்பது அதை அல்ல. பி.எஸ்சி. இயற்பியலும் நல்ல வழி, பிறகு எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதலாம். பொறியியல் முடித்தால் எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வு. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். நடத்துகின்றன. பெயரைப் பார்த்து எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸில் சேர்ந்துவிட வேண்டாம். நம் நாட்டில் அது பெரும்பாலும் புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சைக்கான படிப்பு. ஆராய்ச்சிதான் இலக்கு என்றால் பிஎச்.டி. வரை எட்டு, பத்து ஆண்டு ஆகும், அதற்கு வீட்டில் தயாராக இருங்கள்.

இந்த விடுமுறையிலேயே அவள் ஆர்வத்தைச் சோதிக்கலாம். மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயில், 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு எனாமல் கம்பியை 200 சுற்று சுற்றச் சொல்லுங்கள். ஒரு ஆம்பியர் விட்டால் நடுவில் ஏறக்குறைய 2.4 மில்லி டெஸ்லா வரும். காந்தப்புலத்தை மின்னழுத்தமாகக் காட்டும் எஸ்.எஸ்.49.இ. ஹால் சென்சாரை உள்ளே வைத்தால் வெளியீடு முப்பது மில்லி வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் நகரும். நகராவிட்டால் முதலில் கம்பி முனையில் எனாமலைச் சுரண்டினாளா என்று பாருங்கள், அடுத்து சென்சார் குறுக்கே திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். சுருள் சூடாகும், ஒரு நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது. கெபாசிட்டர் சார்ஜ் செய்யும் டி.எம்.எஸ். சுற்றை மட்டும் வீட்டில் தொடவே கூடாது, அது உயிரைக் குடிக்கும்.

கணக்கில் வந்த எண்ணும் மீட்டர் காட்டும் எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவள் இரண்டு நாள் விடாமல் தேடினால், கலந்தாய்வில் இ.சி.இ.யை முதல் விருப்பமாகப் போடுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு நிற்காமல், போன ஆண்டு இறுதியாண்டு மாணவர்கள் செய்த புராஜெக்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.