கலப்பெண்: செவ்வக வடிவமா, துருவ வடிவமா?

ஈரோட்டில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே. ‘ஐ’ என்பது √−1. கலப்பெண்ணை 3 + 4 ஐ போல எழுதுவது செவ்வக வடிவம். அதையே தளத்தில் ஒரு புள்ளியாக வைத்து, மையத்திலிருந்து அதன் தூரம் (மட்டு), வலப்பக்க அச்சிலிருந்து திரும்பிய கோணம் (வீச்சு) இரண்டாலும் சொல்வது துருவ வடிவம்.

கோபி மாணவி: சார், −1 − √3 ஐ, இதன் வீச்சு கால்குலேட்டரில் 60° வருதுங்க. விடை −120° என்று இருக்கிறது. எப்படி?

கால்குலேட்டர் மேல் தப்பில்லை அம்மிணி. ஐ-யோடு வரும் எண்ணை மற்ற எண்ணால் வகுத்து, எந்தக் கோணத்தின் டேன் அது என்றுதானே அதைக் கேட்கிறாய்? −√3 வகுத்தல் −1 என்றதும் கழித்தல் குறி இரண்டும் அடிபட்டு √3 மட்டும் மிஞ்சுகிறது. 1 + √3 ஐ போட்டாலும் அதே √3தான். எந்தப் புள்ளியைக் கேட்கிறாய் என்று அதற்கு எப்படித் தெரியும்? உன் புள்ளி மூன்றாம் கால்பகுதியில், நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. அதனால் 60°-இல் 180° கழி, −120° கிடைக்கும். 240° என்றாலும் அதே திசைதான். ஆனால் முதன்மை வீச்சு, அதாவது விடையாக எழுத வேண்டிய ஒரே கோணம், −180°க்கு மேல், 180° வரைதான் இருக்கலாம். மட்டு √(1 + 3) = 2, அதில் யாரும் தடுமாறுவதில்லை. மதிப்பெண் போவதெல்லாம் வீச்சில். விடைத்தாள் ஓரத்தில் இரண்டு அச்சு கீறிப் புள்ளியை வைத்துவிட்டு அப்புறம் கோணத்தைத் தொடு.

திருப்பூர் மாணவர்: (1 + ஐ)¹⁰ கண்டுபிடிக்கப் பத்து தடவை பெருக்கணுமா?

வேண்டாம் தம்பி. மட்டு √2, வீச்சு 45°. அடுக்கு எடுத்தால் மட்டுக்கு அதே அடுக்கு, வீச்சை அந்த எண்ணால் பெருக்கு என்பது டி மாய்வர் தேற்றம். அதன்படி மட்டு (√2)¹⁰ = 32, வீச்சு 450°, அதாவது 90°. விடை 32ஐ. உண்மையில் இதற்குத் துருவ வடிவம்கூடத் தேவையில்லை: (1 + ஐ)² = 2ஐ, அதன் ஐந்தாம் அடுக்கு 32ஐ. தேர்வில் ‘டி மாய்வர் தேற்றத்தைப் பயன்படுத்தி’ என்று கேட்டிருந்தால் மட்டும் முதல் வழி.

பூஜ்யத்தின் வீச்சு என்ன சார்?

வரையறுக்கப்படவில்லை.

பீளமேட்டில் மோட்டார் வைண்டிங் கடைக்காரர்: இதெல்லாம் எங்க தொழிலுக்கு உதவுமாங்க?

உங்கள் தொழிலே இதுதாங்க அண்ணா! ஏசி மின்சாரக் கணக்கில் கலப்பெண்ணைப் புகுத்தியவர்களில் முக்கியமானவர் மின் பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ்; 1893-இல் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். கரண்டுக்கும் ‘ஐ’ என்றே குறி என்பதால் மின் துறையில் √−1க்கு ‘ஜே’ என்று எழுதுவார்கள். ஒரு காயிலின் இம்பிடன்ஸ் (ஏசி ஓட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு) 8 + 6ஜே ஓம் என்று வையுங்கள். துருவ வடிவில் 10 ஓம், 36.87°. 230 வோல்ட் கொடுத்தால் 23 ஆம்பியர், வோல்டேஜுக்கு 36.87° பின்தங்கி ஓடும். அந்தக் கோணத்தின் கொசைன் 0.8, அதுதான் பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான பவராகும் பங்கு.

அதே கடைக்காரர்: அப்போ கூட்டலும் துருவ வடிவிலேயே போடலாமுங்களா?

மட்டுகளை நேரடியாகக் கூட்டிவிடாதீர்கள். தொடராக இணைத்த ரெசிஸ்டரில் 30 வோல்ட், தடையே இல்லாத வெறும் இண்டக்டரில் 40 வோல்ட் என்றால் சப்ளை 70 இல்லை. 30 + 40ஜே, அதன் மட்டு 50 வோல்ட். கூட்டல் கழித்தல் வந்தால் செவ்வக வடிவுக்குத் திரும்பிவிடுங்கள்.